மதீனாவின் உடன்பிறப்புப் பிணைப்பும் சகோதரத்துவத்தின் அறமும்

சகோதரத்துவம் உள்ளத்துணர்வா, கடமையா என்பது அறவியலின் பழைய வினா. உணர்வெனின் அதனைப் பிறரிடம் வற்புறுத்திப் பெற இயலாது. கடமையெனின் அதற்கு வரையறை வேண்டும். இவ்வினாவை ஆராயத் தொடக்ககால இஸ்லாமிய வரலாறு நல்லதொரு சான்றினைத் தருகின்றது.

கி.பி. 622இல் நபிகள் நாயகமும் தோழர்களும் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மூன்றாம் காண்டத்திற்குப் பெயர் தந்த ஹிஜ்ரத் இதுவேயாகும். அக்கால அரபுச் சமூகத்தில் ஒருவருக்குக் காப்பளித்தது குலமே. அதனைப் பிரிந்து, உடைமையும் இழந்து வந்த முஹாஜிர்களை மதீனாவாசிகளான அன்சாரிகளோடு இருவர் இருவராக நபிகள் உடன்பிறந்தாராக்கினார். ஒருவர் இறப்பின் மற்றவர் அவர்தம் சொத்துக்கு உரியராகும் அளவுக்கு அப்பிணைப்பு வலிமை பெற்றிருந்தது.

இவ்வாறு பிணைக்கப்பட்டோருள் சஅத் இப்னு ரபீஉ, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்குத் தம் செல்வத்திற் பாதியை அளிக்க முன்வந்தார். அவரோ சஅதை வாழ்த்திவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டினார். ஈகையில் பெறுபவர் தாழ்ந்து நிற்க நேர்வதுண்டு. இங்கோ ஒருவர் பகிரத் தயங்கவில்லை. மற்றவர் தம் உழைப்பைக் கைவிடவில்லை. இருவர் மதிப்பும் குன்றாமையே இதனை ஈகையினின்றும் வேறுபடுத்துகின்றது.

பின்னர், வந்தோர் நிலைபெற்றபோது, மரபுரிமை குருதியுறவினர்க்கே உரியதெனத் திருக்குர்ஆன் வரையறுத்தது. சட்டப்பிணைப்பு நீங்கியது, தோழமையோ நீங்கவில்லை. சட்டம் சகோதரத்துவத்தைத் தொடங்கி வைக்கலாம், பழக்கமே அதனை நிலைநிறுத்தும் என்பது இதனாற் பெறப்படும். இப்பிணைப்பு நம்பிக்கையாளரிடையே மட்டும் அமைந்தது என்னும் எல்லையும் கருதத்தக்கது. எனினும், யூதக் குலத்தாரையும் உள்ளடக்கிய மதீனா உடன்படிக்கை, சமய எல்லை கடந்த பொதுப் பொறுப்புக்கும் இடமளித்தது.

இந்திய அரசியலமைப்பின் முகப்புரை சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றோடு சகோதரத்துவத்தையும் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. அஃதின்றி ஏனைய இரண்டும் வேரூன்றா என்பதை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் வலியுறுத்தினார். முன்னைய இரண்டையும் நீதிமன்றத்தில் கோரிப் பெறலாம். மூன்றாவதை அவ்வாறு பெறுதல் அரிது. பிழைப்புத் தேடி வேற்று மாநிலம் செல்லும் தொழிலாளிக்குக் குடியிருக்கும் உரிமையைச் சட்டம் தருகின்றது. அண்டை வீட்டாரை அது தருவதில்லை. புதிதாக வந்தவருக்குக் கடைத்தெருவின் வழியைக் காட்டுவதும், அவர் அங்குத் தமக்கு நிகராக நிற்பதை மனமுவந்து ஏற்பதும் அண்டை வீட்டார் கடமையாகும். மதீனா வரலாறு இக்காலத்திற்கு உணர்த்தும் அறம் இதுவேயாம்.