வாழ்ந்திருந்தால் ஊர் உண்டா?

கோட்டை பார்க்கப் போவது குற்றமா? நம் நண்பர் ஒருவர் கேட்டார் இப்படி, கோபமாகவே கேட்டார். "மன்னன் ஆள்வதற்காக மக்கள் மாண்டனர். அந்த மதிற்சுவரை மாணவருக்குக் காட்டி மகிழ ஒரு நாள் செலவா? ஆலையைக் காட்டுங்கள், அணையைக் காட்டுங்கள், ஆய்வுக்கூடத்தைக் காட்டுங்கள்!" என்றார். மற்றொரு நண்பரோ, "பழம்பெருமையைக் கேள்வி கேட்காதே, பார், பூரித்துப் போ, திரும்பு!" என்கிறார். முன்னவருக்குக் கல் முழுதும் கறை. பின்னவருக்குக் கல் முழுதும் காவியம். இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே, 38 மாணவ மாணவியரும் புளிச்சோற்றுப் பொட்டலங்களுமாக, தை மாதத்து ஞாயிறு ஒன்றில் செஞ்சிக்குப் புறப்பட்டோம்.

செஞ்சி மலைகளைப் பார்த்திராதவர் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். மலையா அது? பாறைகளைக் கொட்டிக் குவித்து, யாரோ பாதியில் வேலையை விட்டுப் போனதுபோல் இருக்கும். ராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்து இணைக்கும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கோனார் குலத்தார் தொடங்கி வைத்தனர் என்பர். நாயக்கர் விரித்தனர், 1649இல் பிசப்பூர்ப் படை பிடித்தது, 1677இல் சிவாசி பிடித்தார், 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கை மாறிக் கை மாறிக் கடைசியில், கைப்பற்றுவதற்கு எவருமின்றி ஓய்ந்தது. 2025ஆம் ஆண்டு சூலையில், மராட்டியப் படைக் கோட்டைகள் 12 உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக்குரியது இது ஒன்றே. நம் நண்பர் இருவரும் அந்தச் செய்தியைப் படித்திருப்பர். ஒருவர் முகம் சுளித்திருப்பார், மற்றவர் முகம் மலர்ந்திருப்பார்.

மூன்றாவது குன்றுக்கு இன்னொரு பெயரும் உண்டு. சக்கிலி துர்க்கம் என்று பழைய நூல்கள் எழுதும். ஒன்று அரசனுடையது, ஒன்று கடவுளுடையது, கடைசி மட்டும் தாழ்த்தப்பட்டோர் பெயரால்! வருவோர் பெரும்பாலும் முதலிரண்டில் ஏறிவிட்டு மூன்றாவதைத் தொலைவிலிருந்து பார்த்துத் திரும்புகின்றனர். குன்றுக்கும் சேரி வைத்த நாடு நம் நாடு.

ராசகிரியில் ஏறினோம். ஏறத்தாழ 800 அடி. முழங்கால் முறையிடும், மூச்சு முட்டும், குரங்குகள் பொட்டலத்தைப் பறிக்கக் காத்திருக்கும். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது; அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் பறந்துதான் வரவேண்டும். மேலே சென்றதும் காற்று! களைப்பை ஒரே நொடியில் களவாடிச் செல்லும் காற்று. கீழே வயல்கள், ஏரிகள், பனைமரங்கள், எறும்பாய் ஊரும் பேருந்து. "எவ்வளவு அழகு!" என்று பிள்ளைகள் கூவினர். நாமும் கூவினோம், மறைப்பானேன்?

ஒரு மாணவன் மட்டும் கூவவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். பக்கத்துச் சிற்றூர்ப் பையன் அவன். "எங்கள் வீடு தெரியவில்லை, ஐயா. எங்கள் தெருவே தெரியவில்லை" என்றான்.

தெரியாதுதான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வயல் தெரியும், உழுபவன் தெரியமாட்டான். கூரை தெரியும், கூரையின்கீழ் அடுப்பு எரிகிறதா என்பது தெரியாது. இயற்கை எழிலைச் சுவைப்பதற்காகவா அந்த உச்சியில் காவல் மேடை வைத்தனர்? பகைவர் கிளப்பும் புழுதியைக் காணவும், விளைந்த நிலத்தின் பரப்பை அளக்கவும் வைத்தனர். அடிவாரத்தில் நெற்களஞ்சியம் இருக்கிறது; உள்ளே நின்று பேசினால் குரல் எதிரொலிக்கும். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது. நெல் மதிலுக்கு உள்ளே. நெல்லை விளைத்தவர் மதிலுக்கு வெளியே, இரு படைகளுக்கும் நடுவே. இதைக் களஞ்சியத்துள் நின்றே பிள்ளைகளிடம் சொன்னோம். எதிரொலித்தது. அதுவரை நாம் நல்லாசிரியர்தான். நம்மீது நமக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது.

பிழை அதற்குமுன்பே, மலையுச்சி நிழலில், நடந்து முடிந்திருந்தது. தேசிங்கு கதையைச் சொல்லியிருந்தோம்.

தெரிந்த கதைதான். தேசிங்கு என்று நாட்டார் பாடும் தேசு சிங்கு, பண்டேலா இராசபுத்திரன். தந்தை சுரூப் சிங்குக்குப் பிறகு செஞ்சிக்கு உரிமை கொண்டாடியவன். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கப்பம் கேட்டார், இவன் மறுத்தான். 1714 அக்டோபரில் பெரும்படையை எதிர்த்துச் சிறு கூட்டத்தோடு பாய்ந்தான், மாண்டான். வயது 22. அவனுடைய உயிர்த்தோழன் ஓர் இசுலாமியன்; மணக்கோலத்திலிருந்தே எழுந்து வந்து அவனோடு போரிட்டு மடிந்தான் என்கிறது கதைப்பாடல். இந்த இடத்தில் நம் குரல் தழுதழுக்கும், எப்போதும் தழுதழுக்கும். மதம் கேளாத நட்பை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு கதை ஏது? பிள்ளைகள் கைதட்டினர். தட்டிய கையின் சூட்டில் நாமும் மேலே சென்றுவிட்டோம்: "அவன் இளமனைவியும் உடன்கட்டை ஏறினாள். அந்த வீரத்தைப் பகைவரான நவாபே போற்றினார். இராணிப்பேட்டை என்னும் ஊர் அவள் நினைவாக எழுந்தது என்று சொல்வார்கள்" என்றோம். வீரம் என்றே சொன்னோம். பகுத்தறிவு பேசும் நாவால் சொன்னோம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "அந்த அம்மா சாகாமல் உயிரோடு இருந்திருந்தால், அவர்கள் பெயரில் ஊர் இருந்திருக்குமா, ஐயா?"

சில பிள்ளைகள் சிரித்தனர். நம்மால் சிரிக்க முடியவில்லை. ஏனெனில், அந்தப் பெண்ணின் அக்காளை நாம் அறிவோம். பத்தொன்பது வயதில் கணவனை இழந்தவள். யாரும் அவளைத் தீயில் தள்ளவில்லை, நாகரிகம் வளர்ந்துவிட்டதல்லவா! வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கிறார்கள். திருமண வீட்டுக்கு அழைப்பதில்லை. எதிரே வந்தால் ஊரார் சற்று நின்று போகிறார்கள். வாழ்ந்துகொண்டிருக்கிறாள், ஆகவே அவள் பெயரில் ஊர் இல்லை. ஊரில் அவளுக்குப் பெயருமில்லை.

விடை சொல்லாமல், "இறங்குவோம், நேரமாகிறது" என்றோம். ஆசிரியர்கள் அவ்வப்போது கைக்கொள்ளும் தந்திரம் அது. மாணவர்கள் அறியாததல்ல.

பிற்பகலில் திருநாதர்குன்றுக்குச் சென்றோம். செஞ்சிக்கு அருகிலேயே இருக்கும் சமணக் குன்று. ஒரே பாறையில் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவம். அங்கே ஒரு சிறு கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவைச் சொல்வது. தமிழெழுத்தின் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் கல்வெட்டு அது. பிள்ளைகள் எழுத்துகளைத் தடவிப் பார்க்க விரும்பினர், தொடவேண்டாம் என்றோம். அந்தப் பாறையின் நிழலில், காலையில் தப்பியோடிய கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டது.

ஒரே நாளில் மூன்று சாவுகளைப் போற்றியிருக்கிறோம். மூன்றும் ஒன்றா? சந்திரநந்தி தன் கொள்கைக்காகத் தன் உடலை ஒடுக்கினார்; நமக்கு அந்தக் கொள்கையில் உடன்பாடில்லை, உண்டு வாழ்ந்து உழைப்பதே அறம் என்போம்; ஆயினும் அவர் எடுத்த முடிவு அவரைப் பற்றியது, பிறர் உயிரைப் பணயம் வைக்கவில்லை. தேசிங்கும் தானே முடிவெடுத்தான்; ஆனால் அந்த முடிவு தோழனின் உயிரையும், கூலிக்கு வாளெடுத்த பெயர் தெரியாதவர் உயிரையும் சேர்த்து எடுத்தது. கப்பம் கேட்டவனை எதிர்த்த துணிவுக்குத் தலை வணங்கலாம். தனக்காகச் செத்தவர்களின் கணக்கை அவனிடம் கேட்கவும் செய்யலாம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடியும். 22 வயது என்பதையும் மறக்கவேண்டாம்; நம் வயதுக்குக் குறைவு.

அவளோ? விரும்பியே ஏறினாள் என்கிறது கதை. கதையைக் கட்டியவர் யார்? எஞ்சியிருந்தவர்கள். அவள் சொல்லாக ஒரு சொல்லும் நம்மிடமில்லை. விரும்பினாள் என்றே வைத்துக்கொள்வோம். முன்னே தீ, தீக்கு அப்பால் தெய்வமென்ற புகழ். பின்னே பின்கட்டு, அங்கே ஒதுக்கமும் இழிசொல்லும். இரண்டு கதவுகளில் ஒன்றை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டு, மற்றொன்றின் வழியே அவள் சென்றதை விருப்பம் என்று எழுதினால், விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? சந்திரநந்தி நோன்பை நிறுத்தியிருந்தால் மீண்டும் ஆசிரியராக வாழ்ந்திருக்கலாம். தேசிங்கு கப்பம் கட்டியிருந்தால் செஞ்சியில் இருந்திருக்கலாம். அவளுக்கு மட்டும் திரும்பிவர இடமில்லை. இடமில்லாமல் செய்தவர்களே அவளைப் பாடினார்கள். அன்று காலை நாமும் அந்தப் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடினோம்.

1829இல் வங்கத்தில் பெண்டிங்கு உடன்கட்டையைத் தடை செய்தார். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. தடை வந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1987இல், இராசத்தானத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி எரிந்தாள். கூட்டம் கூடிக் கும்பிட்டது. அதன்பின் வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம், எரிப்பதை மட்டுமன்றி, எரிந்ததைப் புகழ்வதையும் குற்றமாக்கிற்று. எரிப்பவன் கையில் தீப்பந்தத்தைக் கொடுப்பது புகழ்தான் என்று சட்டம் கண்டுகொண்டது. நாம் அதைக் கண்டுகொள்ள எட்டாம் வகுப்பு மாணவி தேவைப்பட்டாள்.

ஆகவே நண்பருக்கு நம் விடை: கோட்டைக்குப் போவோம். ஆலைக்கும் அணைக்கும் போவோம், கோட்டைக்கும் போவோம். அந்தக் காற்று எந்த மன்னனும் கட்டியதன்று. அதை வாங்கிக்கொள்ள நமக்குத் தடையில்லை. கல்லில் குற்றமில்லை. கல்லின் பக்கத்தில் நின்று நாம் பேசும் பேச்சுக்குத்தான் பொறுப்பு உண்டு. வீட்டில் அடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் வெளியே வரும் அந்த ஒரு நாளில், காற்றோடு சேர்ந்து அது உள்ளே போகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் கதையை மறுபடி சொன்னோம். "சனி, ஞாயிறு சொன்னது தவறு" என்று தொடங்கினோம். "ஞாயிறு மட்டும்தான், ஐயா" என்று ஒருவன் திருத்தினான். தேசிங்கைச் சொன்னோம், தோழனைச் சொன்னோம், அவளைப்பற்றி, "கொன்றார்கள்" என்று சொன்னோம். "அப்படியானால் தேசிங்கு பாட்டை இனிப் பாடக்கூடாதா?" என்றான் கடைசி இருக்கைப் பையன், அவன் வீட்டில் பாட்டனார் நன்றாகப் பாடுவாராம். பாடச் சொல், கேட்டுக்கொண்டு வா, கேள்வியும் கேள் என்றோம்.

மணியடித்ததும் அந்த மாணவி மேசையருகே வந்து நின்றாள். "அடுத்த முறை போகும்போது அக்காளையும் அழைத்து வரலாமா, ஐயா? அக்காள் மலை ஏறியதே இல்லை" என்றாள்.

வண்டியில் இடமிருக்கிறது என்றோம். வீட்டில் கேட்பதற்கு நாமே வருவதாகவும் சொன்னோம்.