நனைந்த தானியம் மேலே இருக்கட்டும்

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் (முஸ்லிம்). மழை குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நினைவிருக்கும். பெயரைப் பாருங்கள்! கணக்கில் காட்டிய சுமார் 5,000 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜூ ஒப்புக்கொண்டார். அவர் ஒருவரா செய்தார்? 2015இல் தண்டிக்கப்பட்ட 10 பேரில் நிதிப் பிரிவு ஊழியர்களும் இருந்தார்கள்.

ஐதராபாத் கதைதானே என்று இருந்துவிடாதீர்கள். தாம்பரம் மெப்ஸிலும் ஓஎம்ஆரிலும் வேலை பார்ப்பவர்கள் நம்மில் உண்டு. பழுதைச் சொன்னவனைத் திட்டும் சூப்பர்வைசரிடம் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பார்க்காத பொருளுக்கு 'பார்த்தாயிற்று' என்று கையெழுத்து விழும். அதை நம்பித்தான் முதலாளி அடுத்த ஆர்டரை ஒப்புக்கொள்வார்.

அதிகாரிகளே, கெட்ட செய்தியோடு வருபவன் உங்கள் முன் பயமின்றி நிற்க முடிகிறதா? ஊழியர்களே, அந்தக் கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வருகிறது, அது ஹலாலா? வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் புரிகிறது. ரிஜ்க் தருபவன் அல்லாஹ்.

இப்படி நெருக்கடியில் இருப்பவர்கள் தொழுகைக்குப் பின் என்னைச் சந்தியுங்கள். கம்பெனி நடத்துபவர்களும் இந்த ஜமாஅத்தில் இருக்கிறார்கள். வேறு வேலைக்கு முயல்வோம், இன்ஷா அல்லாஹ்.