யாரும் தொடாத வீரன்

'டோட்டா 2' கணினிப் போர் விளையாட்டு தெரியுமா? அணிக்கு ஐந்து பேர். நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களில் ஆளுக்கொருவரை எடுத்து மோத வேண்டும். மல்லசமுத்திரத்துத் தம்பி ஒருவன் யாரும் சீண்டாத வீரனை எடுத்தால், 'ஏண்டா இவனை?' என்று மற்ற நாலு பேரும் கத்துவார்கள். நியாயம்தானே? தோற்றால் அவர்களுக்கும் சேர்த்துத்தானே தோல்வி!

2019. ஷாங்காயில் உலகப் போட்டி. ஓஜி அணியின் அனா, வழக்கமாகத் துணைக்கு நிற்கிற 'ஐயோ'வை (ஆமாம், பெயரே அதுதான்!) முன்னின்று அடிக்கிறவனாக ஆடினார். கோப்பை ஓஜிக்கு! அந்த வீரனின் பலம், பலவீனம் இரண்டும் அவருக்கு அத்துப்படி. அணியும் அதற்கேற்ப நின்றது.

ஊரோடு ஒத்துப்போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால், கூட நிற்கிற நாலு பேருக்காக இரண்டு மடங்கு பயிற்சி எடுத்துவிட்டு வாங்க!