சந்தேகப்படுகிறவனோடு பேசும் விதம்
பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு – ஞானப் பிரசங்கம்



பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திவ்விய பூசையில் வருஷந்தோறும் அர்ச். தோமையாருடைய சுவிசேஷம் வாசிக்கப்படுகிறது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று மாலையில் மற்ற அப்போஸ்தலர்கள் அவரைக் கண்டார்கள். தோமையார் அப்போது அங்கே இல்லை. பிற்பாடு அவர்கள் சந்தோஷத்தோடு சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆணி பாய்ந்த காயங்களைக் கண்ணால் கண்டு, விரலால் தொட்டாலொழிய விசுவசிக்க மாட்டேனென்று சாதித்தார். எட்டு நாளுக்குப் பின் ஆண்டவர் மறுபடியும் வந்தார். தோமையார் கண்டார், அவரைத் தம் ஆண்டவரும் தேவனுமாக அறிக்கையிட்டார். இந்தச் சரித்திரம் நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த அப்போஸ்தலருடைய பெயரால் விளங்கும் மயிலாப்பூருக்கும் பரங்கிமலைக்கும் நம்மில் எத்தனையோ பேர் யாத்திரை போய் வந்திருக்கிறோம்.

ஆனால் நடுவிலே கழிந்த அந்த எட்டு நாளைப்பற்றி நாம் யோசிக்கிறதில்லை. பத்துப் பேர் கண்டோம் என்கிறார்கள். ஒருவர் மட்டும் நம்பேன் என்கிறார். அந்த வீட்டில் எவ்வளவு தர்க்கம் நடந்திருக்கும்! எத்தனை வேளை சாப்பாடு பேச்சில்லாமல் முடிந்திருக்கும்! அப்படியிருந்தும், எட்டாம் நாள் ஆண்டவர் வந்தபோது தோமையார் எங்கே இருந்தார்? அதே வீட்டில், அதே சகோதரர் நடுவில் இருந்தார். அவர்கள் அவரை அவிசுவாசியென்று வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஆண்டவர் வந்த வேளையில் தோமையார் அவர்களோடு கூட இருந்தார் என்பதே அந்தப் பத்துப் பேரும் அவருக்குச் செய்த பெரிய உபகாரம்.

இதை இன்று சொல்லக் காரணமுண்டு. நம் குடும்பங்களில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் விஞ்ஞானம் படிக்கிறார்கள், பலரோடும் பழகுகிறார்கள், நாத்திகம் பேசுகிறவர்களோடும் வாதாடுகிறார்கள். ஒரு நாள் மகன் வீட்டுக்கு வந்து கேட்கிறான்: "அப்பா, உலகம் உண்டாகிச் சுமார் 1,380 கோடி வருஷம் என்று படிக்கிறோமே, ஆதியாகமம் ஆறு நாள் என்கிறதே?" "மனிதன் பரிணாமத்தினால் வந்தவனென்றால் ஆதாம் யார்?" "ஜெபத்தினால் நோய் குணமாகுமென்பதற்கு அத்தாட்சி எங்கே?" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததினால் கோபம் வருகிறது. "வாயை மூடு, ஜெபமாலை சொல்ல வா" என்கிறார். மகன் வாயை மூடிக்கொள்கிறான். அப்பா தாம் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார். உள்ளபடியே நடந்தது என்ன? மகனுடைய சந்தேகம் தீரவில்லை. அதை அப்பாவிடம் சொல்லும் வழக்கம் மட்டுமே தீர்ந்துபோயிற்று. இரண்டு வருஷம் கழித்து அவன் ஞாயிறு பூசைக்கு வராமல் நின்றுவிட்டால், அது அன்றைக்கே ஆரம்பித்தது.

ஆகையால் சந்தேகப்படுகிறவனோடு ஒரு கத்தோலிக்கன் பேசவேண்டிய விதம் எப்படியென்று நான்கு காரியங்களில் சிந்திப்போம்.

முதலாவது, கேள்வி கேட்பதே பாவமென்று எண்ணாதிருங்கள். அத்தாட்சி கேட்பது விசுவாசத்துக்கு விரோதமானால், திருச்சபையே குற்றவாளியாகும். லூர்து நகரத்தைப் பாருங்கள். 1858-ல் தேவமாதா அங்கே காட்சி தந்தார்கள். 1883 முதல் அங்கே வைத்தியர்களுடைய ஆலோசனைச் சாலையொன்று நடந்து வருகிறது. குணமானேன் என்று எவராவது சொன்னால், வைத்தியர்கள் பழைய நோயின் தஸ்தாவேஜுகளைப் புரட்டுகிறார்கள், பரிசோதிக்கிறார்கள், வருஷக்கணக்காகக் காத்திருந்து பார்க்கிறார்கள். விசுவாசமில்லாத வைத்தியரும் அங்கே வந்து விசாரிக்கத் தடையில்லை. இதுவரை 7,000-க்கு மேற்பட்டவர்கள் தாங்கள் குணமானதாக அங்கே அறிவித்திருக்கிறார்கள். அவற்றில் மேற்றிராணிமார்கள் புதுமையென்று தீர்மானித்து ஒப்புக்கொண்டவை 70-க்குச் சற்று அதிகம், அவ்வளவே. மற்றவை பொய்யென்று திருச்சபை சொல்லவில்லை. நிச்சயமில்லாததை நிச்சயமென்று சொல்ல அதற்கு மனமில்லை. தேவதாயின் கெபிக்குப் பக்கத்திலேயே இவ்வளவு விசாரணைக்கு இடமிருக்குமானால், உங்கள் வீட்டுத் திண்ணையில் உங்கள் மகனுடைய கேள்விக்கு இடமில்லாமற் போகலாமா?

இரண்டாவது, சர்வேசுரனுக்காகப் பொய் சொல்லாதிருங்கள். இதென்ன, எந்தக் கிறிஸ்தவன் அப்படிச் சொல்வான் என்பீர்கள். சொல்லுகிறோம், கிறிஸ்தவர்களே, அடிக்கடி சொல்லுகிறோம். பரிணாமக் கொள்கையை எழுதிய சார்லஸ் டார்வின் சாகும்போது தம் கொள்கையை விட்டு மனந்திரும்பினாரென்று ஒரு கதை நம் நடுவே உலாவுகிறதல்லவா? டார்வின் இறந்தது 1882-ல். இந்தக் கதை அமெரிக்கப் பத்திரிகையொன்றில் அச்சேறியது 1915-ல். அதாவது 33 வருஷம் கழித்து. அவருடைய மகள் 1922-ல் அதை மறுத்து எழுதினார்; தகப்பனுடைய மரணப் படுக்கையருகே தாம் இருந்ததாகவும், கதையைச் சொன்ன அந்தச் சீமாட்டி அங்கே இருக்கவேயில்லையென்றும் சாட்சி சொன்னார். அப்படியே, ஐன்ஸ்டைன் மாணவராயிருந்தபோது நாத்திக ஆசிரியரைத் தர்க்கத்தில் மடக்கினாரென்று இன்னொரு கதை. அதற்கு யாதொரு ஆதாரமுமில்லை. மனிதருக்குப் பலனும் தண்டனையும் கொடுக்கும் கடவுளைத் தாம் நம்பவில்லையென்று ஐன்ஸ்டைன் தாமே எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட கதைகளை விசாரியாமல் கைக்குக் கை கொடுக்கிறோம். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனதைச் சமாதானப்படுத்துகிறோம். எட்டாம் கற்பனையில் "நல்ல காரியத்துக்கானால் பொய் சொல்லலாம்" என்று விதிவிலக்கு உண்டோ? யோபு தம்மைத் தேற்ற வந்த சிநேகிதரைக் கண்டித்ததும் இதற்காகத்தான். கடவுளுடைய பட்சத்தில் பேசுவதாக நினைத்து அவர்கள் உண்மையல்லாததைப் பேசினார்கள். சத்தியமே உருவானவருக்குப் பொய்யின் ஒத்தாசை தேவையில்லை. மேலும் இதனால் வரும் நஷ்டத்தை யோசியுங்கள். டார்வின் கதை பொய்யென்று உங்கள் மகள் ஒரு நாள் கண்டுபிடிப்பாள். அன்றைக்கு அவள், "அம்மா சொன்ன இந்தக் கதை பொய்யானால், கல்லறை காலியாயிருந்த கதை மட்டும் மெய்யோ?" என்று கேட்டால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

மூன்றாவது, தெரியாத காரியத்தில் தெரிந்தவர்போல் பேசாதிருங்கள். அர்ச். அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆதியாகமத்துக்குத் தாம் எழுதிய விளக்கத்தில் இதைப்பற்றி எச்சரித்தார். வானத்தைப் பற்றியும் நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பற்றியும் அஞ்ஞானிகளும் கணக்கிட்டு நிச்சயமாய் அறிந்திருக்கும்போது, ஒரு கிறிஸ்தவன் வேதாகமத்தின் பெயரால் அவர்கள் முன் பிதற்றினால், அவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பது மாத்திரமல்ல, தங்களுக்கு நன்றாய்த் தெரிந்த காரியத்தில் தவறுகிற வேதத்தை, மோட்சத்தைப் பற்றிய காரியத்தில் எப்படி நம்புவார்கள் என்பது அவருடைய நியாயம். இந்த எச்சரிப்பு எழுதி ஏறக்குறைய 1,200 வருஷம் ஆனபின், 1633-ல், பூமி சூரியனைச் சுற்றுகிறதென்று சொன்ன கலிலேயோவை ரோமாபுரியின் விசாரணைச் சபை தண்டித்தது. அவர் 1642-ல் மரிக்குமட்டும் வீட்டுக் காவலில் இருந்தார். அந்நாளைய வேத சாஸ்திரிகள் தவறினார்களென்பதைப் பரிசுத்த பாப்பானவர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் 1992-ல் பகிரங்கமாய் ஒப்புக்கொண்டார். இதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒப்புக்கொள்ளத் தெரிந்த தாயிடத்தில் பிள்ளைகளுக்கு நம்பிக்கை அதிகமாகும்.

ஆகையால், பெற்றோர்களே, பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியவில்லை, விசாரிப்போம்" என்று சொல்லுங்கள். விசாரித்தால் தெரியவரும். ஆதியாகமத்தின் ஆறு நாள் இருபத்து நாலு மணி நேரக் கணக்கென்று நம்பும்படி திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. மனித சரீரத்தின் உற்பத்தியைப் பற்றிய பரிணாம ஆராய்ச்சியைக் கற்றறிந்தோர் நடத்தத் தடையில்லையென்றும், ஆத்துமம் சர்வேசுரனால் நேரே சிருஷ்டிக்கப்படுகிறதென்பதைக் கைவிடலாகாதென்றும் 12-ம் பத்திநாதர் 1950-லேயே எழுதினார். இவ்வளவாவது அறிந்த தகப்பன் மகனோடு உட்கார்ந்து பேச முடியுமல்லவா?

நான்காவது, விஞ்ஞானத்தை நம் கைத்தடியாக்கி எதிராளியை அடிக்க நினையாதிருங்கள். இதற்குப் பெரிய திருஷ்டாந்தம் ஒரு குருவானவருடைய சீவியத்திலேயே இருக்கிறது. அவர் பெயர் ஜார்ஜ் லெமேத்தர். பெல்ஜியம் தேசத்தில் 1894-ல் பிறந்தார். முதல் உலக யுத்தத்தில் போர்வீரராயிருந்தார். 1923-ல் குருப்பட்டம் பெற்றார். லூவேன் சர்வகலாசாலையில் போதித்தார். பிரபஞ்சம் அசையாமல் ஒரே அளவாய் இருக்கிறதென்று பெரிய சாஸ்திரிகளெல்லாம் எண்ணியிருந்த காலத்தில், 1927-ல், அது விரிந்துகொண்டே போகிறதென்று அவர் கணித மூலமாய் எழுதினார். அந்த வருஷம் ஐன்ஸ்டைன் அவரைச் சந்தித்தபோது, கணக்கு சரியே, ஆனால் கொள்கையை ஏற்க முடியாதென்று தள்ளிவிட்டார். 1931-ல் லெமேத்தர் இன்னும் ஒரு படி மேலே போய், பிரபஞ்சமெல்லாம் ஆதியில் ஒரே அணுப்போலச் சுருங்கியிருந்து வெடித்து விரிந்ததென்று எழுதினார். ஆசிரியர் ஒரு சுவாமியாராதலால், சிருஷ்டிப்பு என்ற வேத போதனையைக் கொல்லைப்புறமாய் விஞ்ஞானத்துக்குள் கொண்டுவருகிறாரோவென்று சிலர் சந்தேகித்தார்கள்.

1951-ல் பரிசுத்த பாப்பானவர் 12-ம் பத்திநாதர், விஞ்ஞானச் சங்கத்தாருக்கு முன் பிரசங்கிக்கையில், இந்தப் புதிய கண்டுபிடிப்புகள் ஆதி சிருஷ்டிப்புக்கே சாட்சி கூறுவதுபோல் இருக்கின்றனவென்று புகழ்ந்து பேசினார். வேறொருவராயிருந்தால் ஆனந்தக் கூத்தாடியிருப்பார். லெமேத்தரோ கலங்கினார். ஏனென்றால், தம் கொள்கை வேத விஷயங்களுக்கு முழுதும் வெளியே நிற்கிறதென்றும், கடவுளை மறுக்கிறவனும் அதை ஏற்றுக்கொள்ளலாமென்றும் அவர் திட்டமாய் எண்ணினார். இன்றைக்கு ஒரு கொள்கையின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், நாளைக்கு அந்தக் கொள்கை விழும்போது விசுவாசமும் விழாதோ? வத்திக்கான் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான ஓ'கானல் என்ற சேசு சபைக் குருவோடு அவர் கலந்து பேசினார். அடுத்த வருஷம் வான சாஸ்திரிகளின் மகாநாட்டாருக்குப் பாப்பானவர் பேசியபோது, அந்த முடிவைத் திரும்பச் சொல்லவில்லை. லெமேத்தர்மேல் திருச்சபைக்கு வருத்தமுண்டாயிற்றோ? இல்லை, 1960-ல் அவரையே பாப்பரசருடைய விஞ்ஞானச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள்.

அவருடைய கொள்கைக்குப் பலத்த அத்தாட்சி 1965-ல் வெளியாயிற்று. ஆதி வெடிப்பின் மிச்சமான மெல்லிய கதிர் வீச்சு ஆகாயமெங்கும் பரவியிருப்பதை அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1966 ஜூன் 20-ல் லெமேத்தர் மரிப்பதற்குமுன், நோய்ப்படுக்கையில் இந்தச் செய்தி அவருக்கு எட்டியது. 2018-ல் உலக வான சாஸ்திரிகளின் சங்கம், பிரபஞ்சம் விரியும் விதிக்கு ஹப்பிளோடு அவர் பெயரையும் சேர்க்கும்படி வாக்களித்தது. கவனியுங்கள், கிறிஸ்தவர்களே! தம் கையிலிருந்த ஆயுதத்தை எதிராளிமேல் வீச மறுத்த மனிதரைப் பார்த்து, விசுவாசம் மனிதனைப் பொய்யனாக்குமென்று எந்த நாத்திகனாவது சொல்லக்கூடுமோ? அவருடைய நேர்மையே அவர் செய்த பிரசங்கம்.

அப்படியானால் எதிர்த்துப் பேசவே கூடாதோ? பேசலாம், பேசவும் வேண்டும். தன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருக்கும்படி அர்ச். இராயப்பர் கற்பிக்கிறார், அதையும் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லவேண்டுமென்று சேர்த்தே கற்பிக்கிறார். "விஞ்ஞானம் கடவுளில்லையென்று நிரூபித்துவிட்டது" என்று எவனாவது சொன்னால், அமைதியாய்க் கேளுங்கள்: எந்தச் சோதனைச் சாலையில், எந்தத் தராசில் நிறுத்து நிரூபித்தார்கள்? நட்சத்திரம் எப்படி எரிகிறதென்று சொல்வது விஞ்ஞானத்தின் வேலை. ஒன்றுமேயில்லாதிருக்க ஏதோவொன்று ஏன் இருக்கிறது, மனிதன் ஏன் நீதிக்காக உயிரைக் கொடுக்கிறான் என்பவை அதன் தராசில் ஏறாத கேள்விகள். இதைச் சொல்ல நாலு பேர் நடுவே ஒருவனை அவமானப்படுத்த வேண்டியதில்லை. தர்க்கத்தில் தோற்றவன் எவனும் அந்தத் தோல்வியின் காரணமாய் முழங்காலில் விழுந்ததில்லை. அன்பாய் நடத்தப்பட்டவன் திரும்பி வந்ததுண்டு.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் மாலை, ஜெபமாலை முடிந்தபின், பிள்ளைகளைக் கலைந்துபோக விடாமல் உட்காரவைத்து, "உங்கள் மனதிலிருக்கிற கேள்வி என்ன?" என்று கேளுங்கள். நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை ஒரு தாளில் எழுதிப் பங்குச் சுவாமியாரிடம் கொண்டுவாருங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், தெரிந்தவரை அவர் தேடுவார். முக்கியமாய், அந்தப் பிள்ளை நம்பேன் என்று சொன்னாலும், அன்றிரவு அவனுக்கும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் சோறு போடுங்கள். அவனுக்காக ஜெபியுங்கள். வீட்டுக் கதவும் மனக் கதவும் அவனுக்குத் திறந்திருக்கட்டும். பூட்டியிருந்த கதவுகளுக்குள்ளும் வரத்தெரிந்த ஆண்டவர், தமக்குச் சித்தமான எட்டாம் நாளில் வருவார். தேவ இஷ்டப்பிரசாதத்தினாலேயல்லாமல் எவனும் விசுவசிக்கிறதில்லை. அவர் வரும்வரையில் தோமையாரை வீட்டில் வைத்துக் காப்பது நம்முடைய கடமை.

அந்த வரத்தை நம் குடும்பங்களுக்கெல்லாம் சர்வேசுரன் தந்தருள்வாராக. ஆமென்.