தர்மமா, பாக்கியா?

2021 டிசம்பரில் லங்காட் ஆறு கரைபுரண்டதைப் பந்திங் வாசிகள் மறந்திரார். வெள்ளம் வந்தால் முதலில் அழிவது உழவன் பயிர். காற்றைச் சூடேற்றியதிலோ அவன் பங்கு அற்பம். வங்காள தேசம் போன்ற ஏழை நாடுகளில் இக்கொடுமை இன்னும் பெரிது. அத்தகைய நாடுகளுக்கென 2020-க்குள் ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் கோடி டாலர் திரட்டுவதாகச் செல்வ நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. நிறைவேறியதோ 2022-ல்! அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் வழிகளுக்குச் சென்றது மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. இதனைத் தர்மம் என்பாரும் உளர்.

தோட்டத்துக் கிராணியாகிய யான் நாள்தோறும் பற்றுவரவு எழுதுபவன். நஷ்டம் விளைத்தவன், ஈடு செய்வதற்குப் பதிலாகக் கடன் கொடுத்துத் திரும்பக் கேட்பானாயின், அக்கணக்கை எந்த மானேஜர் ஒப்புவார்? உழவன் கேட்பது பிச்சையன்று. நெடுநாள் நின்ற பாக்கி.