அஞ்சலி யாருக்கு?

செத்துப்போனவனுக்கு மரியாதை செய்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஆட்சேபம் சொல்லமாட்டானே! ஜோ பாஸ் என்ற அமெரிக்க கிதார் வித்வானின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

ஜாஸ் உலகின் பெரியவர் ட்யூக் எலிங்டன் 1974 மே 24-ஆம் தேதி, 75-ஆவது வயதில் காலமானார். அடுத்த மாதமே ஜோ பாஸ், ரே பிரவுனையும் பாபி டர்ஹாமையும் சேர்த்துக்கொண்டு அவருடைய பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்தார். ஒரு கிதார், ஒரு பேஸ், டிரம், அவ்வளவுதான். எலிங்டனோ கோஷ்டி முழுவதையுமே தம் வாத்தியமாக வைத்துக்கொண்டவர். இன்னாருடைய ஊதலுக்கு இது என்று ஆள் பார்த்து எழுதியவர். ஊதுகருவி ஒன்றுகூட இல்லாமல் அதை வாசிப்பது மரியாதையா, துணிச்சலா?

மரியாதைதான் என்று எனக்குப் படுகிறது. 1973 ஜனவரியில் எலிங்டனே இதே ஜோ பாஸையும் பிரவுனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நால்வராக வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அச்சு அசலாகத் திருப்பி வாசிக்கக் கிராமபோன் இருக்கிறது, மனுஷன் எதற்கு?

என்னை உறுத்துவது வேறு. தட்டில் 'காரவன்' இருக்கிறது. அதன் மெட்டுக்கு மூலம், எலிங்டன் கோஷ்டியில் டிராம்போன் வாசித்த, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹுவான் டிசோல். 'சாடின் டால்' பில்லி ஸ்ட்ரேஹார்னுடன் சேர்ந்து போட்டது. ஸ்ட்ரேஹார்ன் 1967-ல் போய்விட்டார். டிசோல் அப்போது உயிரோடுதான் இருந்தார். அஞ்சலி என்னவோ எலிங்டன் ஒருவருக்கு.

அதற்காக எலிங்டனைத் திருடர் என்று சொல்லிவிட முடியுமா? ஸ்ட்ரேஹார்ன் இறந்த அதே வருஷம் அவருடைய பாட்டுக்களைக் கொண்டே எலிங்டன் ஒரு தட்டு செய்தார். வேலை முடிந்து கோஷ்டியார் வாத்தியங்களை மூட்டை கட்டுகிறார்கள். அந்தப் பேச்சு அரவத்துக்கு நடுவே பெரியவர் பியானோவில் உட்கார்ந்து, நண்பரின் 'லோட்டஸ் பிளாஸம்' வாசிக்கிறார். யந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அதுவும் பதிவாகிவிட்டது. கேட்டால் கணக்குப் பேச வாய் வராது.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! துக்கம் உண்மையாக இருந்தால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்பதுதான் என் கட்சி. துக்கம் நண்பருக்குக் கொடுத்தது. பெயரோ ஊரார் அறியக் கொடுக்க வேண்டியது.

இப்போதெல்லாம் 'காரவன்' வரும்போது நான் டிசோலைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஜோ பாஸ் உத்தேசித்த அஞ்சலி அதுவல்ல. அவரும் 1994-ல் போய்விட்டார், ஆட்சேபிக்கமாட்டார்.