துணை யாருடைய கடன்?

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்ள வரும் பெண்ணிடம் மருத்துவமனையில் முதலில் கேட்பது, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்பதுதான். ஊசியும் மருந்தும் அதற்குப் பிறகே. இந்தக் கேள்விக்கு விடையாக நிற்க வேண்டியவர் யார்? துணைக்குப் போவது மனமிருந்தால் செய்கிற உபகாரமா, செய்யாமல் விட்டால் பிழையாகிற கடமையா?

பழனி மலைத்தொடரில் இது ஏட்டளவுக் கேள்வி இல்லை. கொடைக்கானலைத் தாண்டி 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது மன்னவனூர். அங்கே பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். கீமோவுக்கு அவள் மதுரைக்கு இறங்க வேண்டும். கொடைக்கானலிலிருந்தே அது ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை, சில மருந்துகளுக்கு வாரம் ஒரு முறை என்று மாதக்கணக்கில் இந்தப் பயணம் நீளும். மருந்து ஏறிய உடம்போடு வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் திரும்ப வேண்டும். ஏற்கெனவே குமட்டுகிற வயிற்றுக்கு ஒவ்வொரு வளைவும் தனி வேதனை.

ஊருக்குத் திரும்பிவிட்டாலும் துணையின் தேவை முடிவதில்லை. கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிரையே பறித்துவிடக்கூடும். கடைசிப் பேருந்தும் போய்விட்ட மலைக்கிராமத்தில், அந்த நள்ளிரவில் அவள் பிழைப்பாளா என்பதைத் தெருவில் யாரிடம் வண்டி இருக்கிறது, அவர் கதவைத் திறப்பாரா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அப்படியென்றால் துணை என்பது சிகிச்சைக்கு வெளியே இருக்கும் ஆறுதல் மட்டுமில்லை. அது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்தை நோயாளியின் உரிமை என்று ஒப்புக்கொள்ளும் சமூகம், அந்த மருந்து பலிப்பதற்கு வேண்டிய துணையை மட்டும் அவளுடைய அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிட முடியாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பக்கத்து வீட்டுக்காரரும் அன்றாடங்காய்ச்சிதான். அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்கிறது, காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. ஆனால் துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியை எந்த அட்டையும் தருவதில்லை. சக்திக்கு மீறியதைக் கடமை என்று சுமத்துவது அறமாகுமா? ஆகாது. ஆனால், ஒருவரால் முடியாது என்பதிலிருந்து ஒருவருக்கும் கடமை இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, வேலையைப் பங்கு பிரிக்கத் தெரிந்த ஊர்களுக்கு, ஆறு பயணங்களை ஆறு வீடுகளுக்குப் பிரிக்கவும் தெரியும். அப்படிப் பிரிக்காத இடத்தில் முழுப் பாரமும் ஒரு மகளின் தலையில் விழுகிறது. பல நேரம் அவள் படிப்பும் அதோடு நின்றுபோகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. துணைக்கு வருகிறவர்கள் மெல்ல மெல்ல அதிகாரிகளாகிவிடுகிறார்கள். மருத்துவர் சொன்னதை அவளிடமே மறைக்கிறார்கள். கீமோவை நிறுத்திவிட்டு முள்சீத்தா சாறு குடிக்கச் சொல்கிறார்கள். மகள் கல்யாணத்தைக் காரணம் காட்டி யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள். சில வீடுகளில், தொட்டால் ஒட்டாத நோய்க்குத் தனித் தம்ளர்கூட வைக்கிறார்கள். உபகாரம் என்ற எண்ணம் தவறாகும் இடம் இதுதான். உபகாரம் செய்தவர் நன்றியை எதிர்பார்ப்பார், தம் சொல்லுக்குக் கீழ்ப்படிதலையும் எதிர்பார்ப்பார். பெற்றவளோ ஏற்கெனவே உடம்பால் நொந்தவள், கடனாளியாகவும் ஆகிறாள். கடமை என்று நினைத்துப் போகிறவருக்குத் தாம் கடன் கொடுக்கவில்லை, கடன் தீர்க்கிறோம் என்பது தெரியும். அவரால்தான் கையைப் பிடித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்.

பழனி அடிவாரத்தில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நடக்கும் பெண்ணை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதே மலைத்தொடரின் மேலே, கீமோவில் முடி கொட்டிய பெண் குல்லா இல்லாமல் தெருவில் இறங்கினால் அத்தனை கண்களும் திரும்புகின்றன. முன்னது அவளாகக் கொடுத்தது. பின்னது அவளைக் கேட்காமல் போனது. அதனால்தான் சிலர் கொட்டும் முன்பே தாமாக மழித்துக்கொள்கிறார்கள். நோய் பறித்துக்கொண்டது போக அவளுக்கு மிஞ்சியிருக்கும் முடிவுகள் மிகச் சில. யாரிடம் சொல்வது, எதைச் சாப்பிடுவது, யார் உடன் வருவது என்ற அந்தச் சிலவற்றையாவது அவள் கையிலேயே விட்டுவைப்பது துணையின் முதல் ஒழுக்கம்.

வீட்டுத் துயரம் பொதுக் கடமையானதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. அவர் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்தார். இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது உலகளாவிய மதிப்பீடு. இவ்வளவு பேருக்கு வருவதை ஒரு குடும்பத்தின் தலைவிதி என்று சொல்லி விலகுவதற்கு இடமில்லை.

ஆகவே துணை கடமைதான். குடும்பம் முதலில் ஏற்று, ஊர் பங்கிட்டு, அரசு தாங்க வேண்டிய கடமை. உங்கள் தெருவில் ஒரு பெண் கீமோவுக்குப் போய்வருகிறாள் என்றால், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். கேட்கும் பாரத்தையும் அது அவள் மேலேயே வைக்கிறது. "அடுத்த முறை என்னைக்குப் போகணும்? நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். சரி என்றால், அன்று விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்தில் அவளுக்கு முன்னால் போய் நில்லுங்கள்.